கோகிலவாணி பாடிப் போனது

ஒட்டம்பாறைப் பெண்கள் ஏழு பேரும் மேலே விழுந்து அமுக்கிவிட்டார்கள், நடுவர் விசில் ஊதிக் கையை நீட்டிவிட்டார், ஆட்டம் முடிந்தது என்று மைக்கிலும் சொல்லியாகிவிட்டது, அதற்குப் பிறகும் என் மகள் கோகிலவாணி கபடி கபடி என்று பாடிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது. ஆளைப் பார்த்தால் முருங்கைக்காய்க்கு ஜெர்சி மாட்டிவிட்டது போல இருப்பாள். அந்த ஏழு பேருக்கும் அடியிலிருந்து, ஒரு கன்னம் தரையில் தேய, வாய்க்குள் மண்ணும் ரத்தமுமாக, கபடி கபடி கபடி என்று அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது, மோட்டார் கொட்டகையில் யாரோ சுவிட்சை அணைக்காமல் போய்விட்ட மாதிரி.

எங்கள் ஊர் பூசாரிக்கரடு. ஒரு மொட்டைக் கரடு, அதன் அடியில் முருங்கைக் காடு, காலையிலும் சாயங்காலமும் நூல் மில் வேன், மற்றபடி அங்கே என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கபடி இருக்கிறது. இங்கே பிள்ளை பிறந்தால் மூக்கு யாரைப் போல, முழி யாரைப் போல என்று பார்க்க மாட்டார்கள், தொடையை அமுக்கிப் பார்ப்பார்கள். கரட்டுப் புலிகள் என்று ஒரு குழு உண்டு, அதற்குத் தலைவர் என் வீட்டுக்காரரின் அண்ணன் வையாபுரி. புலிகளுக்கெல்லாம் தொப்பை விழுந்து, கோப்பை என்று ஒன்றை ஊர் கண்ணால் பார்த்தே வெகுகாலம் ஆகிவிட்டதால், பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளை இறக்கி, எங்கள் ஊர்ப் பொட்டலிலேயே போட்டி வைத்து, இந்தத் தடவை கோப்பை ஊரைவிட்டுப் போகாது என்று கோயிலில் கிடா வெட்டியும் ஆகிவிட்டிருந்தது. கறி செரிப்பதற்குள் இறுதி ஆட்டம் வந்தது.

கடைசி ரைடு. ஒரு பாயிண்ட் நாங்கள் பின்னால். கோகி பாடிக்கொண்டு போனாள், இரண்டு பேரைத் தொட்டாள், திரும்பினாள், அப்போது குட்டையாக இருந்த ஒரு பிள்ளை, ஜமுனா என்று பிற்பாடு தெரிந்தது, தரையோடு தரையாக வந்து கணுக்காலைப் பிடித்தது. மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். கோகி கையை நீட்டினாள். நடுக்கோட்டுக்கும் அவள் விரலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்ததா இல்லையா என்பதுதான் பிரச்சினை. இல்லவே இல்லை, தொட்டுவிட்டாள் என்றது எங்கள் ஊர். இருந்தது என்றார் நடுவர். விசிலுக்கு முன்னாலும் விசிலின்போதும் விசிலுக்குப் பின்னாலும், எல்லைக்கு வெளியே நின்ற ஊர் மொத்தமும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது: "மூச்ச விடாத! கோகி! மூச்ச விடாதடி!"

பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிறவள். விடவில்லை.

அதற்குள் ஆண்கள் பொட்டலுக்குள் குதித்துவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி பறந்தது, செருப்பு பறந்தது, ஒட்டம்பாறைக்காரன் ஒருவனின் காது பாதி கிழிந்து தொங்கியது, எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு மூக்கு எலும்பு உள்ளே போய்விட்டது. கோட்டைத் தொட்டாளா இல்லையா என்று அந்தக் கோட்டின் மேலேயே நின்று மிதித்து உருண்டு அடித்துக்கொண்டதில், சுண்ணாம்பில் போட்ட நடுக்கோடு, ரைடு போனவள் திரும்பி வந்து தொட வேண்டிய ஒரே கோடு, இருந்த இடம் தெரியாமல் அழிந்து போனது. இதை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

கோகி எழுந்து நின்றாள். குணசீலன் சார், அவளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர், நல்ல மனிதர்தான், அன்றைக்கு அவருக்குள் என்ன புகுந்ததோ, "ஊரு மானத்தையே வாங்கிட்டியேடி சனியனே" என்று அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். கோகி பாடிக்கொண்டே கையை நீட்டி அவர் பெல்ட்டை விரல் நுனியால் தொட்டாள். அவ்வளவுதான். ஏழு பேர் சேர்ந்து தூக்கி வீசியது போல சார் நடுவர் மேஜைக்கு மேலாகப் பறந்து போய் விழுந்தார், தோள்பட்டை எலும்பு முறிகிற சத்தம் அங்கே கிடந்த மைக்கில் ஊருக்கே கேட்டது. பிறகு அவர் எழுந்தார், முறிந்த கையை மற்ற கையில் பிடித்துக்கொண்டு ஊர் எல்லையில் இருக்கும் வாய்க்கால் பாலம் வரைக்கும் நடந்து போய், பாலத்துக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் சார் இங்க வந்து உக்காந்துட்டீங்க?" என்று பின்னாலேயே போனவர்கள் கேட்டார்கள்.

"அவுட்டாயிட்டேன்ல" என்றார் சார்.

அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பாலத்தைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்ததும் நெஞ்சில் உதை வாங்கியவர் போலப் பின்னால் போய் விழுந்தார். மறுபடி இழுத்தாள், மறுபடி விழுந்தார். விளையாட்டில் அவுட்டானவர்கள் வெளியே உட்காருவார்கள், எதிராளி பிடிபட்டால்தான் உயிர் வந்து உள்ளே வருவார்கள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் என்பதால் ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை, அவருக்குப் பாயும் தலையணையும் கொடுத்து அனுப்பினார்கள்.

வையாபுரி மாமா அன்றைக்கே கூட்டம் போட்டுவிட்டார். கோடு இல்லை, அதனால் பிள்ளை திரும்பவில்லை. மூச்சையும் விடவில்லை, அதனால் அவுட்டும் இல்லை. ரைடு முடியவில்லை என்றால் ஆட்டம் முடியவில்லை, ஆட்டம் முடியவில்லை என்றால், "யாருய்யா சொன்னது நாம தோத்தோம்னு?" கூட்டம் விசிலடித்தது. கோப்பையைத் தன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார். மறுநாளே பொட்டலை ஒட்டிய பேருந்து நிறுத்தத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் எழுந்தது. கோகி புலியின் மேல் கால் வைத்து நிற்க, 'மூச்சு விடா வீரமங்கை, தோல்வி அறியா பூசாரிக்கரடு' என்ற எழுத்துக்கு அடியில், ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டு வட்ட வட்டமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரு டம்ளர் நீராகாரத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன். ரைடு போகிறவள் முன்னால் நிற்பவர்களைத்தான் தொடுவாள், அதனால் பின்னால் நடப்பதில் எனக்கு ஆபத்து இல்லை, முட்டியில் சுளுக்கு மட்டும்தான். பாதி குனிந்து, ஒரு கையை முன்னால் நீட்டி, காலை உரசி உரசி வைத்து, அவள் தெருத்தெருவாகப் போனாள். முதல் நாள் சாயங்காலம் பெண்கள் எல்லோரும் இரக்கப்பட்டுச் சுண்ணாம்பையும் கோலமாவையும் கொண்டுவந்து வழியெல்லாம் கோடு போட்டார்கள், இந்தா, இதத் தொட்டுட்டுப் போ கண்ணு, இதான் கோடு என்று கெஞ்சினார்கள். அவள் ஒவ்வொரு கோட்டையும் குனிந்து பார்த்துவிட்டுத் தாண்டிப் போனாள். எங்கள் வீட்டு வாசலில் நானும் ஒன்று போட்டேன், அதையும் பார்த்தாள், தாண்டினாள், கறிவேப்பிலைச் செடியை மிதித்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டாள்.

அவளோடு வாழ்வதற்கு ஊர் பழகிவிட்டது. எதற்குத்தான் பழகாது? தண்ணீர்த் தொட்டி மேல் பிள்ளைகள் முறை வைத்து ஏறி நின்று, "மேலத் தெருவுல வர்றா! திரும்பிட்டா!" என்று கத்துவார்கள், அதற்குத் தகுந்தாற்போலப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போவார்கள். கபடி கபடி என்ற சத்தத்துக்குத் தொட்டில் பிள்ளைகள் தூங்கப் பழகி, அவள் தூரமாகப் போனால் வீறிட்டன. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற வைத்தியர் ஒருவர் எங்கிருந்தோ வந்து புளியமரத்தடியில் கட்டில் போட்டார், தெரு முழுக்க முட்டையும் உளுந்து மாவும் மணத்தது. வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரிசை நீண்டது. அவர்களுக்குத் தார்ப்பாய் கட்டி, டிவி வைத்து, டிஷ்ஷும் திருப்பி வைத்தோம். நூறு நாள் வேலைக்காரர்களுக்கு அங்கேயே வைத்துப் போட்டோ எடுத்தார்கள். மாப்பிள்ளை அவுட்டாகிப் போனதால் ஒரு கல்யாணம் பாலத்தின் மேலேயே நடந்தது, தாலி கட்டினவன் அந்தப் பக்கமும் கட்டிக்கொண்டவள் இந்தப் பக்கமுமாக.

பக்கத்து வீட்டு அங்காத்தா அக்கா, மாவு ஆட்டிக்கொண்டு போகிற அவசரத்தில் கிராஸ் பண்ணிவிட்டாள். கோகியின் கை பட்டு, மாவுத் தூக்கு ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமுமாகப் பறந்து, பல் மூன்றும் இடுப்பும் போய், பாலத்தில் உட்கார்ந்தாள். நான் சோறு கொண்டு போனபோது, "ஏண்டி சுகந்தி, ஓம் மக தொட்டதுல பல்லு போனது போகட்டும், எம் மாமியாருக்குச் சோறு போடுறது யாருன்னு எம் புருசன் இப்பத்தான் யோசிக்கிறானாம். நா இங்கயே இருந்துக்கிறேன், கொழம்புல கொஞ்சம் ஒரப்பு தூக்கலா போட்டு அனுப்பு" என்றாள்.

சிரிப்புக்குப் பின்னால் வேறு ஒன்றும் நடந்தது. வரப்புத் தகராறில் இருந்த அண்ணன் தம்பியில், தம்பி ஒருநாள் அண்ணனைக் கட்டிப்பிடித்துச் சமாதானம் பேசுவது போல முச்சந்திக்குக் கூட்டி வந்து, கோகி திரும்புகிற நேரம் பார்த்து முதுகில் கைவைத்துத் தள்ளினான். அண்ணனின் முழங்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அதைப் பார்த்த பிறகு எல்லோருக்கும் யோசனை வந்துவிட்டது. குடித்துவிட்டு அடிக்கிறவனைப் பெண்டாட்டி தள்ளினாள். குடிக்காதவனையும் ஒருத்தி தள்ளினாள். மருமகள் மாமியாரையும் மாமியார் மருமகளையும் தள்ளியதில் ஒரே நாளில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் பாலத்துக்குப் போய் அங்கேயும் மயிரைப் பிடித்துக்கொண்டார்கள். என் மகளின் கை ஊருக்கு ஓர் அரிவாள் மாதிரி ஆகிவிட்டது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கை கழுவ வேண்டியதில்லை.

பிடித்துவிடலாம் என்றும் பார்த்தார்கள். கரட்டுப் புலிகள் எட்டுப் பேர், அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள், உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, கையோடு கை கோத்துச் சங்கிலி போட்டு வந்தார்கள். அவள் நடுவில் இருந்தவரின் தொப்பையைச் சுண்டுவிரலால் தொட்டாள். அங்கே தொடங்கிய முறிவு இரண்டு முனை வரைக்கும் கரும்பு ஒடிக்கிற சத்தத்தோடு போனது. வைத்தியருக்கு அன்றைக்கு உளுந்து தீர்ந்துவிட்டது.

எனக்கு ஊர் எலும்பைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. பிள்ளை சாப்பிடவில்லை. டம்ளரை வாயில் வைத்தால் கபடி கபடி என்ற காற்றில் நீராகாரம் என் முகத்திலேயே தெறித்தது. குதிகால் வெடித்து, அவள் போன பாதையெல்லாம் சின்னச் சின்னதாக ரத்தம் உறைந்து கிடந்தது, கோழிகள் அதைக் கொத்தின. உதட்டில் தோலே இல்லை. ஒருநாள் பின்னாலிருந்து கையை நீட்டி அவள் மூக்குக்கு முன்னால் புறங்கையை வைத்துப் பார்த்தேன். காற்று வந்துகொண்டே இருந்தது. வந்துகொண்டே மட்டும் இருந்தது. உள்ளே ஒரு இழுப்புக்கூடப் போகவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, என் மகள் தனக்குள் இருப்பதையெல்லாம் வெளியே ஊதிக்கொண்டிருக்கிறாள், இப்படியே போனால் அந்த ஜெர்சிக்குள் ஒன்றும் மிஞ்சாது. தொடையைப் பார்த்தால் என் மணிக்கட்டு அளவு இருந்தது. வெயிலில் அவள் நிழல் கம்பி மாதிரி விழுந்தது.

என் வீட்டுக்காரர் செல்லமுத்து போர்வெல் லாரியோடு வடக்கே போயிருந்தார். போன் வந்தது.

"ஏ சுகந்தி, ஃப்ளெக்ஸு போட்டோ அனுப்புனாங்க, இங்க வண்டில எல்லாரும் பாத்துட்டானுக! நம்ம புள்ள தோக்கலயாமல்ல?"

"அவ வாயில ஒரு பருக்க போகல. காத்த உள்ள இழுக்கவே இல்லைங்க அவ. வந்து பாருங்க."

"எல்லாம் சரியாப் போகும். போன அவ காதுல வையி."

வைத்தேன். அவர் அங்கிருந்து போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "தங்கம்! நீ தோக்கலடா! விடாதடா, அப்பா இருக்கேன், மூச்ச விடாத!" கோகியின் குரல் சடாரென்று ஏறியது, கண் செருகியது, பாட்டு இரண்டு மடங்கு வேகமானது. போன் கையிலிருந்து எகிறிப் போய்ச் சுவரில் சிதறியது.

அன்றிலிருந்து கவனித்தேன். நீ தோக்கல கண்ணு என்று யார் சொன்னாலும் அவள் குரல் ஏறியது. நடுவருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு என்றால் ஏறியது. அடுத்த வருசம் மாநிலத்துக்கே ஆடுவ பாரு என்றால் இன்னும் ஏறியது. அவளைப் பார்க்கிற ஒவ்வொருவரும் இரக்கத்தில் இதில் ஒன்றைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள், நானும் காலையிலும் மாலையிலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஆறுதலுக்கும் அந்தப் பிள்ளை இன்னும் கொஞ்சம் காற்றைத் தேடி எடுத்து வெளியே விட வேண்டியிருந்தது. அது எங்கிருந்து வரும்? அவளிடமிருந்துதான்.

ஒட்டம்பாறைக்காரர்கள் கோப்பையைக் கேட்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். டிராக்டரில் வந்தார்கள், கம்பும் கம்பியும் சைக்கிள் செயினுமாக. ஆட்டம் ஆடிய பிள்ளைகளையும் ஜெர்சி போட்டுக் கூட்டி வந்திருந்தார்கள், கோப்பையைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பதற்காம். எங்கள் ஊரும் தயாராகத்தான் இருந்தது. பொட்டலில் இரண்டு கூட்டமும் மோதிக்கொண்டன. மண்டை பிளந்த சத்தம், தேங்காய் உடைக்கிற இடத்தில் நிற்பது மாதிரி. ஒருவன் தன் பல்லைத் தானே பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பவும் அடிக்கப் போனான். ஒருவன் கண்ணில் ரத்தம் வழிந்து மறைக்க, யாரை அடிக்கிறோம் என்று தெரியாமல் சொந்த மச்சானையே அடித்துக்கொண்டிருந்தான். செம்மண் பொட்டல் என்பதால் ரத்தம் அவ்வளவாகத் தெரியவில்லை, ஈரம் மட்டும் தெரிந்தது.

"அடிங்கடா மேளத்த!" என்றார் வையாபுரி மாமா. "ஓட்டிட்டு வாங்கடா அவள!"

தப்படித்து, தகரம் தட்டி, வைக்கோல் கொளுத்தி இரண்டு பக்கமும் மறித்து, காளையை ஓட்டுவது போல என் மகளைத் தெருவிலிருந்து பொட்டலுக்கு ஓட்டி வந்தார்கள். "விடாதடி கோகி! தொடுடி! தொடு!" அவள் வந்தாள். கை பட்டவர்கள் எல்லாம் பறந்தார்கள். டிராக்டர் மேல் விழுந்தவன் அங்கேயே மடங்கினான், ஒருவன் ஃப்ளெக்ஸ் கம்பத்தில் போய்ச் சொருகிக்கொண்டு தொடையில் கம்பியோடு கத்தினான். ஒட்டம்பாறைக்காரர்கள் சிதறி ஓடினார்கள். ஓடாமல் நின்றது ஒரே ஒரு ஆள்.

குட்டையாக, இரட்டைச் சடையில், முட்டியில் பிளாஸ்திரியோடு அந்த ஜமுனா நின்றுகொண்டிருந்தாள். குனிந்து, இரண்டு கையையும் விரித்து, தரையோடு தரையாக. பயத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. கோகியைப் பார்த்து, "வா, நாந்தான் புடிச்சேன், நானே புடிக்கிறேன், வா" என்று அழுதுகொண்டே கூப்பிட்டாள். இவள் வயதுதான் இருக்கும். எட்டுப் பேரை ஒடித்த கை அந்தப் பிள்ளையின் சடையை நோக்கி நீண்டது. ஊர், "தொடு! தொடு! தொடு!" என்றது.

நான் டம்ளரைக் கீழே போட்டேன்.

எனக்குக் கபடி ஆடத் தெரியாது, ஆனால் வெள்ளாட்டுக்குப் பூச்சி மருந்து ஊற்றத் தெரியும். முன்னால் போய்க் கெஞ்சினால் எந்த ஆடும் நிற்காது. பின்னங்காலைப் பிடித்து, பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு தொடைக்கும் நடுவில் இறுக்கி, கழுத்தைச் சுற்றிக் கை போட்டால், கிடாயாக இருந்தாலும் ஒரு பாட்டம் குதித்துவிட்டு நின்றுவிடும். பாய்ந்து கோகியின் காலைப் பிடித்து இழுத்து, அப்படியே மடியில் சாய்த்துக் கவ்விக்கொண்டேன். கை ஜமுனாவுக்கு எட்டாமல் காற்றில் போனது.

பிறகு என்னைத் தூக்கி அடித்தது. என்ன அடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மகளோடு சேர்ந்து நான் மேலே போனேன், தரையில் மோதினேன், மறுபடி மேலே போனேன். விலா எலும்பு ஒடிந்ததை உள்ளேயிருந்து கேட்டேன். அவள் தலை என் வாயில் இடித்ததில் முன்பல் இரண்டும் நாக்கின் மேல் விழுந்தன, துப்ப நேரமில்லை, விழுங்கிவிட்டேன். என் கையைக் கடித்தாள், எலும்பு வரைக்கும் கடித்தாள், கடித்தபடியே பாடினாள். நான் விடவில்லை. ஊர் முழுக்கச் சுற்றி வந்து நின்றுகொண்டு, "விடாதடி கோகி! தூக்கி எறிடி உங்கம்மாள!" என்று குதித்தது. வையாபுரி மாமா கம்போடு ஓடி வந்தார்.

"ஏய் சுகந்தி! கைய எடு! ஊரத் தோக்கடிச்சிராத!" என்று என் முதுகில் ஒன்று போட்டார், தோளில் ஒன்று போட்டார்.

நான் கோகியின் காதில் வாயை வைத்தேன். பல்லில்லாமல் பேச்சு ரத்தமாக வந்தது.

"தோத்துட்ட கோகி."

அவள் துள்ளினாள். முதுகில் இன்னொரு அடி விழுந்தது.

"தோத்துட்டடி. ஆட்டம் முடிஞ்சு போச்சு. அவங்க ஜெயிச்சுட்டாங்க. நீ நல்லா ஆடுன, தோத்துட்ட. அவ்வளவுதான். மூச்ச விடு."

கபடி கபடி என்றது, கபடி என்றது, கப என்றது. என் தொடைகளுக்கு நடுவில் அந்த உடம்பு கல் மாதிரி இறுகி நின்றது. ஒரு சத்தமும் இல்லை. அத்தனை நாள் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த அமைதி அறைந்தது போல இருந்தது, ஓங்கின கம்பு ஓங்கியபடி நின்றது.

பிறகு அவள் மூச்சை இழுத்தாள்.

முதலில் பக்கத்தில் கிடந்த சருகுகள் வந்தன. பிறகு புழுதி வந்தது. முருங்கைக் காடு முழுவதும் எங்கள் பக்கமாக வளைந்து, பூவும் பிஞ்சும் பறந்து வந்தன. ஃப்ளெக்ஸ் கம்பத்திலிருந்து பிய்த்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்ட முகங்கள் நாலாகக் கிழிந்து தலைக்கு மேல் சுழன்றன. கூரைத் தகரங்கள் ஆணியோடு எழும்பின. சேலைத் தலைப்புகளும் வேட்டிகளும் ஒரே பக்கமாக இழுபட்டன, நின்றவர்கள் எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டார்கள், அவர்களுக்குள் இருந்ததிலும் கொஞ்சம் போயிருக்க வேண்டும். வையாபுரி மாமாவின் கையிலிருந்த கம்பு பிடுங்கிக்கொண்டு வந்து என் காலடியில் விழுந்தது. அவ்வளவையும் உள்ளே வாங்கிக்கொண்டு, ஜெர்சி உப்பி, விலா விரிந்து, என் மகள் வாயைத் திறந்து, பிறந்த அன்றைக்கு அழுதாளே, அதே மாதிரி அழுதாள்.

வாய்க்கால் பாலத்தில் எல்லோருக்கும் உயிர் வந்துவிட்டது. கட்டுப் போட்ட கையும் காலுமாக, உட்கார்ந்த வரிசையிலேயே எழுந்து உள்ளே வந்தார்கள், குணசீலன் சார் முதலில். தள்ளிவிடப்பட்டவர்கள் தள்ளிவிட்டவர்களைத் தேடிக்கொண்டு போனார்கள், அந்தக் கூச்சல் வெகுநேரம் கேட்டது. அங்காத்தா அக்கா மட்டும் முனகிக்கொண்டே மெதுவாக வந்து, என்னையும் கோகியையும் பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு, "போச்சு, இனி எம் மாமியாருக்கு நாந்தான் வடிக்கணும்" என்று இடுப்பைப் பிடித்தபடி போனாள்.

கோகி மூன்று தட்டு தயிர்ச் சோறு தின்றாள். நாலாவது தட்டில் இருக்கும்போது வாசலில் ஆண்கள் வந்து நின்றார்கள். சிலர் கையில் இன்னும் கம்பு இருந்தது. வையாபுரி மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். அவர் கண் சிவந்திருந்தது, அழுதிருப்பார் போல.

"தொட்டுட்டு வந்த புள்ளய அவுட்டாக்கிட்டியே சுகந்தி. பெத்தவ செய்யிற காரியமா இது? வெரலு கோட்டுல பட்டுச்சு. ஊரே பாத்துச்சு. அந்த வெரலுக்காக எத்தன பேரு எலும்பு போயிருக்கு தெரியுமா?"

எனக்குப் பேச வாய் வரவில்லை, வீங்கியிருந்தது. கோகி தட்டைக் கையில் பிடித்தபடியே எழுந்து வாசலுக்கு வந்தாள். அத்தனை நாள் கத்திய தொண்டையிலிருந்து காற்றும் கரகரப்புமாகத்தான் குரல் வந்தது.

"படல பெரியப்பா."

"என்னது?"

"வெரலு படல. இம்புட்டு கெடந்துச்சு." ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து, நடுவில் ஒரு சோற்றுப் பருக்கை போகிற அளவுக்கு இடைவெளி விட்டுக் காட்டினாள். "எட்டிப் பாத்தேன். எட்டல. எனக்கு அப்பவே தெரியும்."

"அடி கழுத, அப்பவே சொல்றதுக்கு என்னடி?"

"நீங்கதான் மூச்சு விடக் கூடாதுன்னீங்க."

பின்னால் நின்ற ஒருவன் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தான். இன்னொருவன் கட்டுப் போட்ட தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், அதை யாருக்குக் கொடுத்தோம் என்று யோசிப்பவன் போல.

"அவங்க ஜெயிச்சுட்டாங்க பெரியப்பா. கப்ப எடுத்துட்டுப் போய்க் குடுத்துருங்க. அந்தப் புள்ள கணுக்கால நல்லாப் புடிச்சா" என்று சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டது, திரும்பி உள்ளே வந்துவிட்டாள்.

எனக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் விழுந்து, என் முந்தானையில் முகத்தை வைத்து, தோத்துட்டேன்மா, தோத்துட்டேன்மா என்று விக்கி விக்கி அழுதாள். நடுவர் சரியில்லை என்றும் சொல்லவில்லை, அடுத்த வருசம் பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை, ஆமாடி, ஆமாடி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அழுகை தேய்ந்து விம்மலாகி, விம்மல் தேய்ந்து, மத்தியான வெயில் வாசல் வரைக்கும் வரும்போது வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனாள். தூக்கத்திலேயே ஒரு காலைத் தூக்கி என் ஒடிந்த விலாவின் மேல் போட்டாள். உயிர் போகிற வலி. காலை எடுத்துக் கீழே வைத்தால் விழித்துக்கொள்வாள் என்று அசையாமல் கிடந்தேன். அவள் வயிறு ஏறியது, இறங்கியது, பிறகு ஏறியது.